மொகல் தெருவைத் தேடி ரங்கூனுக்கு வருபவருக்கு

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஐயா 1930களில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். தை மாதம் இங்கே வருகிறீர்கள், கையில் இரண்டு நாள்தான். பழைய கட்டடங்களை நடந்தே பார்த்துவிட முடியுமா, எங்கே தொடங்குவது, இவற்றை யாராவது காப்பாற்றுகிறார்களா, நம்மவர்கள் இருந்த தடம் ஏதும் மிச்சம் இருக்கிறதா? இவைதான் உங்கள் கேள்விகள்.

முடியும். சொல்லப்போனால் நடந்துதான் பார்க்க வேண்டும். நான் இதே ஊரில், எண் போட்ட தெரு ஒன்றின் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கொத்தனார். பழைய வீடுகளின் மராமத்துதான் எங்கள் பிழைப்பு, நானும் முப்பது வருடமாக அதையே செய்கிறேன். அதனால் இந்தப் பதிலில் சுவரும் காரையும் சற்று அதிகமாகவே வரும்.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1852இல் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்ததும் ஆற்றங்கரையில் புதிதாக ஒரு நகரம் வரைந்தார்கள். மருத்துவர் மான்ட்கோமரியும் பொறியாளர் ஃபிரேசரும் போட்ட திட்டம் அது. நடுவில் சூலே பகோடா, அதைச் சுற்றிச் சதுரங்கக் கட்டம் போல் தெருக்கள். கிழக்கு மேற்காக ஐந்து பெரிய சாலைகள். அவற்றை வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக எண் போட்ட குறுகிய தெருக்கள், நாலைந்துக்கு ஒன்றாகப் பெயர் வைத்த அகலத் தெரு. ஒரு முறை புரிந்துகொண்டால் வழி தவறவே மாட்டீர்கள். தெற்கே போனால் ஆறு, வடக்கே போனால் ரயில் பாதை.

உங்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கே இப்போது யாங்கோன் என்று பெயர். ஐயா காலத்துத் தெருப் பெயர்களில் பெரும்பாலானவை இன்று பலகையில் இல்லை. மொகல் தெரு இப்போது ஷ்வே பொந்தா. ஃபிரேசர் தெருதான் அனோரதா சாலை. டல்ஹௌசி தெரு என்றால் மஹா பந்துலா சாலை, மான்ட்கோமரி தெரு என்றால் போஜோக் அவுங் சான் சாலை. ஃபேர் தெரு பன்சோடான் ஆகிவிட்டது, ஸ்பார்க்ஸ் தெரு போ அவுங் ஜோ ஆகிவிட்டது. ஸ்ட்ராண்டும் மெர்ச்சன்ட் தெருவும் மட்டும் பழைய பெயரிலேயே புழங்குகின்றன. எண் போட்ட தெருக்களுக்கு எண் மாறவில்லை. கடிதத்தில் எண் தெரு இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கே சூலேயில் தொடங்குங்கள். வெயிலும் வண்டிகளும் சேர்வதற்கு முன்னால் பார்த்தால்தான் கட்டடம் கண்ணில் படும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று வாருங்கள். இந்தப் பகோடாவின் அடி எண்கோணம், அந்த எட்டு முகம் மேலே மணிப் பகுதி வரை விடாமல் ஏறுகிறது. மற்ற பகோடாக்களில் அது பாதியிலேயே வட்டமாகிவிடும். வெளியே வந்தால் ஒரே சந்திப்பில் பகோடா, பள்ளிவாசல், தேவாலயம், நகர மண்டபம் நான்கும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். ரங்கூனைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததை அந்த ஒரு சந்திப்பே சொல்லிவிடும்.

நகர மண்டபத்தை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். 1926இல் வேலை தொடங்கி 1936இல் முடிந்தது. முதலில் போட்டது முழுக்க ஐரோப்பியப் பாணி வரைபடம். ஊர் மக்களுக்குப் பர்மிய முகம் வேண்டும் என்றபோது யூ டின் என்ற பர்மியக் கட்டடக் கலைஞர் மேலே அடுக்குக் கூரைகளும் வாசலில் மயிலும் நாகமும் வைத்து அதை மாற்றினார். போரில் அழிந்த மத்திய ரயில் நிலையத்தை 1954இல் எழுப்பியவரும் அவரே. அந்த மண்டபத்தின் ஜன்னலும் தூணும் ஆங்கில ஆபீஸ் போல இருக்கும், தலை மட்டும் பர்மிய அரண்மனை. சிலருக்கு இது ஒட்டாத கலவை. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த கட்டடம் அதுதான், ஏனென்றால் தன் ஊர் யாருடையது என்று கல்லில் எழுதிக் காட்டிய முதல் பெரிய கட்டடங்களில் அது ஒன்று.

எதிரே பூங்கா. அதன் கிழக்கே சிவப்புச் செங்கல்லும் மணிக்கூண்டுமாக உயர் நீதிமன்றம், ஜேம்ஸ் ரான்சம் வடிவமைத்து 1911இல் முடித்தது. பூங்காவைப் பார்த்தபடி நிற்கும் ரோ கம்பெனிக் கட்டடம் 1910 வாக்கில் வந்த பெரிய துணிக்கடை. இப்போது வங்கி, நன்றாகப் பழுது பார்த்திருக்கிறார்கள். பூங்கா நடுவில் நிற்கும் வெள்ளைத் தூண் 1948 ஜனவரி 4 சுதந்திரத்துக்காக எழுப்பியது. அதே பூங்காவில் முன்பு விக்டோரியா மகாராணி சிலை இருந்தது.

அங்கிருந்து பன்சோடான் தெருவில் ஆற்றை நோக்கி இறங்குங்கள். ஒரு காலத்தில் இந்தியப் பெருங்கடல் கரையிலேயே பணம் அதிகம் புரண்ட தெருக்களில் ஒன்று. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் பத்து நிமிடம் நில்லுங்கள், பழைய வரைபடம் ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கும். மெர்ச்சன்ட் தெரு முனையில் சோஃபயர் கட்டடம், 1906. பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம் கட்டியது. மாடியில் 1971 முதல் லோகநாத் ஓவியக் கூடம் இயங்குகிறது. ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் தரையைப் பார்க்க மறந்துவிடுவார்கள். மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்த ஓடுகள் அவை. குனிந்து பாருங்கள். நூறு வருடம் ஆட்கள் நடந்த பாதையில் பூ வேலை மங்கியிருக்கும், சுவர் ஓரத்தில் நிறம் இன்னும் அப்படியே இருக்கும். எங்கே கதவு இருந்தது, எந்தப் பக்கம் கூட்டம் போயிருக்கிறது என்று அந்தத் தேய்மானத்தை வைத்தே சொல்லலாம்.

ஸ்ட்ராண்டுக்கு வந்தால் 1901இல் திறந்த ஸ்ட்ராண்ட் ஹோட்டல், அடுத்தடுத்துச் சுங்க இலாகா, துறைமுக அலுவலகம், தபால் நிலையம். தபால் நிலையம் இருப்பது ஒரு காலத்தில் அரிசி வியாபாரக் கம்பெனி ஒன்றின் மாளிகை. கீழ் பர்மாவின் நெல்லில் பெரும்பகுதி இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறியது. அந்த நெல் வயலைக் காட்டிலிருந்து திருத்த உழவனுக்குக் கடன் கொடுத்தது உங்கள் ஊர்ச் செட்டியார்களின் வட்டிக்கடைகள். இவ்வளவு பெரிய வாசல்கள் எந்தப் பணத்தில் எழுந்தன என்பதை ஆற்றங்கரையில் நின்று யோசித்தால்தான் தெளிவாகும்.

இரண்டாம் நாள் காலை செகரடேரியட், ஆங்கிலேயர் காலத் தலைமைச் செயலகம். சிவப்பும் மஞ்சளுமான செங்கல், பதினாறு ஏக்கர் வளாகம். 1889இல் தொடங்கி 1905இல் முழுமையானது. ஹோய்ன் ஃபாக்ஸ் என்பவரின் வடிவம். 1930 மே மாத நிலநடுக்கத்தில் நடுக் கும்மட்டம் சேதமாகி, பிறகு இல்லாமலே போய்விட்டது. 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் அவுங் சானும் கூட இருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். அன்று இறந்தவர்களில் கல்வி அமைச்சர் ரசாக்கும் ஒருவர். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம், தாய் பர்மியப் பௌத்தர். பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து, மேற்கூரையில் மரம் முளைத்து நின்ற கட்டடம் இது. இப்போது பெரும்பகுதியைச் சீர் செய்து கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். நேரம் அடிக்கடி மாறும், முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். சுருள் இரும்புப் படிக்கட்டைக் கட்டாயம் பாருங்கள். பக்கத்திலேயே செயின்ட் மேரி தேவாலயம், 1911இல் முடிந்தது. 1930 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது.

பெரிய கட்டடங்களுக்கு இவ்வளவு போதும். எந்த வழிகாட்டியும் உங்களை அங்கே கூட்டிப் போவார். நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது, மிச்ச நேரம் முழுவதையும் எண் போட்ட தெருக்களுக்குக் கொடுங்கள். ரங்கூன் வேறு எந்த ஊரைப் போலவும் இல்லை என்பது அங்கேதான் தெரியும்.

அந்தத் தெருக்களில் நடக்கும்போது எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று நிமிர்ந்து பாருங்கள். தரைத்தளம் முழுக்க விளம்பரப் பலகையும் இரும்பு ஷட்டரும் மூடியிருக்கும். முதல் மாடிக்கு மேலேதான் பழைய கட்டடம் தொடங்கும். மர வேலைப்பாடு வைத்த பலகணி, வளைவு ஜன்னல், கொடுங்கைக்குக் கீழே சுண்ணாம்பில் செய்த பூமாலை, நடுவில் கட்டிய வருடம். 1914, 1922, 1927 என்று படித்துக்கொண்டே போகலாம். சில முகப்பில் கட்டியவரின் பெயர் இருக்கும். தமிழ்ப் பெயர், குஜராத்திப் பெயர், சீன எழுத்து எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பலகணியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரரோ மொஹிங்கா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடைக்காரரோ கீழே கயிற்றை இழுத்தால் மாடியில் மணி அடிக்கும். பையைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போய்விடுவார், மேலேயிருந்து இழுத்துக்கொள்வார்கள். மூன்றாம் மாடியில் என் அம்மா இப்படித்தான் ஐம்பது வருடம் காய்கறி வாங்கினார். மின்தூக்கி இல்லாத ஊர், படிக்கட்டோ ஏணி மாதிரி செங்குத்து.

இந்த நகரம் இவ்வளவு மிச்சமிருப்பதற்கு யாரும் திட்டமிட்டுக் காப்பாற்றியது காரணம் அல்ல. 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு நாடு கதவைச் சாத்திக்கொண்டது. புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை, அதனால் இடிக்கவும் இல்லை. சிங்கப்பூரும் பாங்காக்கும் பழைய தெருக்களை இடித்துத் தள்ளிய வருடங்களில் ரங்கூன் அப்படியே உறைந்து நின்றது. பிறகு 2005 நவம்பரில் தலைநகரை நேப்பிதோவுக்கு மாற்றினார்கள். அலுவலகங்கள் காலியாகி, பெரிய கட்டடங்கள் பூட்டிய கதவும் புறா எச்சமுமாக ஆயின. 1990களுக்குப் பின்னும், குறிப்பாக 2011க்குப் பின் பணம் உள்ளே வந்தபோதும், சிறு தெருக்களில் இடிப்பு வேகமானது. இடத்துக்குச் சொந்தக்காரரும் கான்ட்ராக்டரும் வீடுகளைப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம் போடுவார்கள். மூன்று மாடி இருந்த இடத்தில் எட்டு மாடி எழும்பும். இருபதடி அகல மனையில் தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி.

அப்படி ஒரு வீட்டை இடிக்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். இந்தத் தெருக்களில் வீடுகளுக்குப் பொதுச் சுவர். ஒரே சுவரில் இரண்டு பக்க வீட்டின் தேக்கு விட்டங்களும் தலை வைத்திருக்கும். ஒன்றை இடித்தால் அடுத்த வீடு ஒரு பக்கத் தாங்கலை இழக்கிறது. பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது மண் நெகிழ்ந்து சுவர் வெடிக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டால் நான் முதலில் செய்வது, வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதுதான். தேதியைப் பென்சிலால் சுவரில் எழுதிவிட்டு வந்துவிடுவேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது கண்ணாடி முழுசாக இருந்தால் வெடிப்பு நின்றுவிட்டது, பூசலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்படி ஒரு வீட்டில் எண்பது வயது பாட்டியம்மா இருந்தார். தினமும் காலையில் சாமி கும்பிட்ட கையோடு அந்தக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்ப்பாராம். மூன்றாவது வாரம் அது இரண்டாக உடைந்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்தார் முட்டுக் கொடுத்துத் தரும்வரை பாட்டியம்மா தன் மகள் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டியதாயிற்று.

காரை விஷயமும் அப்படித்தான். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்த உங்களுக்குச் சுண்ணாம்புச் சுவர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரின் செங்கல் சுவர்களும் சுண்ணாம்புக் கலவையில் எழுந்தவைதான். சுண்ணாம்புப் பூச்சுக்கு நுண்துளை உண்டு. மழைக் காலத்தில் உறிஞ்சும், வெயிலில் ஈரத்தை வெளியே விட்டுவிடும். இங்கே மழை சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை கொட்டித் தீர்க்கும். பழைய பூச்சு உதிர்ந்ததும் அதன் மேல் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். பார்க்க வழவழப்பாக இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கும், ஓதம் மேலே ஏறும், உப்பு பூத்துச் செங்கல் முகம் மாவாக உதிரும். பத்து வருடத்தில் சிமெண்ட் ஓடு மட்டும் நிற்கும், அதற்குப் பின்னால் செங்கல் தூள். நடக்கும்போது விரல் முட்டியால் சுவரை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல பூச்சு மந்தமான சத்தம் தரும், பிடி விட்டுப்போன பூச்சு பானை மாதிரி ஒலிக்கும். அப்பா எனக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தது இந்தச் சத்தத்தை.

தளங்களும் அப்படியே. இரும்பு உத்திரங்களுக்கு நடுவே செங்கல்லைச் சிறு வளைவாக அடுக்கி மேலே சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் அது உத்திரத்துக்கு இறங்கி, இரும்பு துருப்பிடித்து ஊதும். ஊதிய இரும்பு செங்கல்லைப் பிளக்கும். மழைநீர்க் குழாய் அடைத்திருப்பதை வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டாலே பாதிக் கட்டடங்கள் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் அரசங்கன்று. கொடுங்கை விரிசலில் பறவை போட்ட விதை முளைத்து, வேர் சுவருக்குள் போய்ப் பிளக்கும். அரச மரத்தை வெட்ட பர்மியர்களுக்கு மனம் வராது, நமக்கும்தான் வராது. பௌத்தருக்குப் போதி மரம், நட் தேவதை குடியிருக்கும் இடம். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்துக் கோயிலில் கொடுத்துவிடலாம். நான் போகும் வீடுகளில் அப்படித்தான் செய்கிறேன், யாரும் மறுத்ததில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை என்று கேட்பீர்கள். சொந்தம் யாருக்கு என்பதுதான் சிக்கல். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகை நான்கு லட்சம், அதில் இந்தியர் இரண்டு லட்சத்துக்கும் மேல், அதாவது பாதிக்கும் அதிகம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரர் குண்டு போட்டதும் பல லட்சம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள், பெரும்பாலோர் நடந்தே. 1960களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் இன்னும் இரண்டு மூன்று லட்சம் பேர் கப்பலேறினார்கள். கட்டியவர் போய்விட்டார், வாடகைக்கு இருந்தவர் தங்கிவிட்டார். சில கட்டடங்கள் அரசுடைமை, சில பள்ளிவாசல் அல்லது கோயிலின் அறச்சொத்து, சிலவற்றின் பத்திரம் எந்தத் தேசத்தில் யாருடைய பெட்டியில் இருக்கிறதோ. 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய வாடகை டீ விலைக்கு இறங்கிவிட்டது. வீட்டுச் சாவி மட்டும் பெரிய தொகைக்குக் கை மாறும், பத்திரம் மாறாது. தன் வீட்டுக்குள் ஓடு பதிப்பார்கள், ஏசி வைப்பார்கள். பொதுப் படிக்கட்டும் கூரையும் யாருடையது? எட்டுக் குடும்பமும் ஒன்றாகக் காசு போட்டால்தான் ஒரு குழாய் மாறும். அந்த எட்டுக் குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் என் வேலையில் பாதி.

காப்பாற்றும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1996இல் நகராட்சி 189 கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டியவை என்று பட்டியலிட்டது. பெரும்பாலும் அரசுக் கட்டடங்களும் வழிபாட்டிடங்களும்தான். சாதாரணக் குடியிருப்புகள் அதில் அநேகமாக இல்லை. என் பார்வையில் அந்தப் பட்டியலின் பெரிய ஓட்டை அது. 2012இல் வரலாற்றாளர் தந்த் மியின்ட் யூ யாங்கோன் ஹெரிடேஜ் டிரஸ்டைத் தொடங்கினார். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த யூ தாண்டின் பேரன். முக்கியக் கட்டடங்களில் நீல நிறப் பலகை வைத்தது அவர்கள்தான். நடக்கும்போது அந்தப் பலகைகளைக் கவனியுங்கள், ஆங்கிலத்திலும் பர்மியத்திலும் சுருக்கமாக வரலாறு இருக்கும். 2015இல் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைக் காக்கச் சட்டமும் வந்தது. அதே வருடம் ஷ்வேடகோன் பகோடாவுக்கு அருகே எழ இருந்த உயரமான கட்டடத் திட்டத்தை எதிர்ப்பு காரணமாகக் கைவிட்டார்கள்.

நான் மிகவும் மதிப்பது ஒரு சின்ன வேலையை. மெர்ச்சன்ட் தெருவில், பூங்காவைப் பார்த்தபடி 491இலிருந்து 501 வரை எண் உள்ள ஒரு பழைய மூன்று மாடிக் குடியிருப்பு. டர்க்காய்ஸ் மவுன்டன் என்ற அமைப்பு 2016 வாக்கில் அதைப் பழுது பார்த்தது. குடியிருந்தவர்களைத் துரத்திவிட்டு ஹோட்டல் ஆக்கவில்லை, அவர்கள் அங்கேயே இருந்தார்கள். முகப்பைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். அந்தச் சாதாரணம் எவ்வளவு கஷ்டம் என்று கரண்டி பிடித்தவனுக்குத் தெரியும். மாளிகைகளைப் பணக்கார ஹோட்டலோ வங்கியோ எடுத்துக் காப்பாற்றிவிடும். எண் தெருக்களை அதில் குடியிருப்பவர்களைத் தவிர வேறு யாரும் காப்பாற்ற முடியாது. அவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடனும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளும் கிடைத்தாலே போதும் என்பது என் முப்பது வருட முடிவு. 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த முயற்சிகள் பலவும் மெதுவாகிவிட்டன. மக்களுக்கு அரிசி, மின்சாரக் கவலையே தலைக்கு மேல் இருக்கிறது.

இனி நம்மவர் தடம். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அனோரதா சாலையில் மேற்கே நடங்கள். கோன்சேடான் தெரு முனையில் ஸ்ரீ காளி கோயில், 1871இல் தமிழர்கள் எழுப்பியது. கோபுரத்தின் நிறங்கள் கண்ணைப் பறிக்கும். மாலைப் பூசைக்கு நின்றால் தமிழும் பர்மியமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதைக் கேட்பீர்கள். அருகிலேயே 26ஆம் தெருவில் 1896இல் முடிந்த யூதர் ஜெபாலயம், வெளியே கடைகளின் நெரிசல், உள்ளே நீலமும் வெள்ளையுமாக அமைதி. சூலியா என்று அழைக்கப்படும் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இந்தப் பகுதியில்தான். வழியில் தள்ளுவண்டிக்காரரிடம் "தோஷே" என்று கேளுங்கள். பர்மியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், நம் தோசைதான்.

நம் கோயில்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மற்றவர் இடிப்பதைப் பற்றிப் பேசும் நாம் நம் இடத்தில் என்ன செய்கிறோம்? பெயர் சொல்ல வேண்டாம், ஒரு கோயிலில் நான் சிறுவனாக ஓடி விளையாடிய சிவப்பும் கறுப்புமான பழைய பூத்தரை இருந்தது. கால் வைத்தால் மே மாதத்திலும் குளிரும். கும்பாபிஷேகத்துக்காக அதைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் டைல்ஸ் போட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். நான் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன், பழசு எதற்கு என்றார்கள். பெயர்த்த ஓடுகளில் பன்னிரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மழைக் காலத்தில் புது டைல்ஸில் வழுக்கி விழாத பக்தரே இல்லை.

மொகல் தெருவுக்குக் கடைசியாக வாருங்கள். செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள் கூடியிருந்த பெரிய கூடங்கள், நெருங்கி இருந்த இடம். ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கு ஒரு பாயும் பெட்டியும், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். பகலில் வரவு செலவு, இரவில் அதே இடத்தில் படுக்கை, மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குக் கப்பல். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. பர்மியர் மனதில் அது ஆறாத புண். சுதந்திரத்துக்குப் பின் நிலச் சட்டம் வந்தது, எல்லாம் போயிற்று. இரண்டு பக்க வலியையும் மனதில் வைத்துக்கொண்டே அந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது அங்கே தங்க நகைக் கடை, கண்ணாடிக் கடை, பிளாஸ்டிக் கடை. பலகைகளுக்கு மேலே பாருங்கள், பழைய மர ஜன்னல்களும் இரும்புக் கம்பி வேலையும் இன்னும் சில இருக்கின்றன. உங்கள் வீட்டுத் தூண் பர்மாத் தேக்காக இருந்தால், அந்த ஜன்னலும் அதே காட்டு மரமாக இருக்கலாம்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். தை மாதம் நல்ல காலம், வெயிலும் தாங்கும், மழையும் இருக்காது. நடைபாதை என்பது சாக்கடை மேல் போட்ட பலகைக்கல்தான், உடைந்தவை உண்டு, மேலே பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். ராணுவத்தினர், போலீஸ், அரசு அலுவலக வாசல் இவற்றைப் படம் எடுக்க வேண்டாம். கிளம்பும் முன் நிலவரம் விசாரித்து, இருட்டுவதற்குள் தங்கும் இடம் திரும்பிவிடுங்கள். யார் வீட்டுப் படிக்கட்டிலும் கேட்காமல் ஏறாதீர்கள். கேட்டால் அநேகமாக ஏறச் சொல்வார்கள், டீயும் வரும்.

ஐயா எழுதிய கடிதம் அல்லது கடை முத்திரை போட்ட ரசீது ஏதாவது இருந்தால் கதவு எண்ணைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். மொகல் தெருவில் பழைய எண்கள் எந்தப் பக்கம் ஒற்றை, எந்தப் பக்கம் இரட்டை என்று எனக்குத் தெரியும். நீங்கள் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், அந்த வாசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். இருந்தால் மாடியில் இருப்பவரிடம் பேசியும் வைக்கிறேன்.